அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிக்கு மருந்து ஆயுள் முழுக்க இலவசமா?

வடகரை: நேற்று இங்கே ஒருவர் அள்ளி விட்டிருக்கிறார்: “அமெரிக்காவில் சிறுநீரகம் செயலிழந்தால் கவலை வேண்டாம், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஆயுள் முழுக்க எல்லா மருந்தும் கொடுக்கும்.” மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி 36 மாதம் ஆனதும் மெடிகேர் கைகழுவிவிடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லையா?

செந்தட்டி: எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லக்கூடத் தயக்கமா? 36 மாதம் என்பது பழைய பஞ்சாங்கம். 2023 ஜனவரி 1 முதல் அந்த வரம்பு ஒழிந்தது.

வடகரை: ஒழியவில்லை. 65 வயது ஆகாதவருக்கு, வேறு ஊனம் இல்லாதவருக்கு மெடிகேர் 36 மாதத்தில் இன்றும் நிற்கிறது. 2023-இல் வந்தது டாக்ரோலிமஸ் போன்ற, உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளுக்கு மட்டுமான தனித் திட்டம். ரத்த அழுத்த மாத்திரை கூட அதில் கிடையாது. 2025-இல் அடிப்படைப் பிரீமியமே மாதம் 110 டாலர் 40 சென்ட். அதற்கு மேல் மருந்து விலையில் 20 சதவீதம் நோயாளி தலையில். நல்ல இலவசம்!

செந்தட்டி: சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மருந்து கிடைக்கிறதா, இல்லையா? கிடைக்கிறது. அப்புறம் என்ன 36?

தாழைமடல்: வேறு காப்பீடு இருப்பவர் அந்தத் திட்டத்தில் சேரவே முடியாது. அது ஒருபுறம் இருக்கட்டும். டயாலிசிஸில் இருப்பவர்களை இருவருமே மறந்துவிட்டீர்கள். செவலாமர் போன்ற, ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைக்கும் மாத்திரைகள் 2025 ஜனவரியில் மெடிகேரின் மருந்துப் பிரிவான பார்ட் டி-யிலிருந்து டயாலிசிஸ் மையத்துக்குத் தரும் மொத்தக் கட்டணத்துக்குள் போய்விட்டன. மையம் ஒழுங்காகக் கொடுக்கிறதா என்று கேட்பாரில்லை.

வடகரை: அதற்குத் தனித் திரி தொடங்குங்கள். இங்கே பேச்சு 36 மாதம்.

தாழைமடல்: திரியை விலைக்கு வாங்கிவிட்டீர்களோ?

செந்தட்டி: அவர் அப்படித்தான். வயிற்றின் வழியாகச் செய்யும் பெரிட்டோனியல் டயாலிசிஸ் பற்றி நான் எழுதியபோது விஷயத்தை விட்டுவிட்டுக் காற்புள்ளியில் குறை கண்டவர். வயது பாராமல் சிறுநீரக நோயாளிக்கு மெடிகேர் தர அதிபர் நிக்சன் 1972-லேயே கையெழுத்திட்ட நாடு அது. அதையும் குறை சொல்லுங்கள்.

வடகரை: சொல்கிறேன். கையெழுத்து 1972, நடைமுறை 1973 ஜூலை. மாற்று அறுவைக்குப் பின் அப்போது கொடுத்தது 12 மாதம்தான். 1978-இல்தான் 36 ஆக்கினார்கள். வரலாறு பேசுபவர் முழுதாகப் பேச வேண்டும். காற்புள்ளி அன்றும் தவறு, இன்றும் தவறு.

செந்தட்டி: 36-ஐ விட்டால் உங்களுக்கு வேறு எண் தெரியாதா?

வடகரை: அந்த வரம்பு இருக்கிறதா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

செந்தட்டி: இல்லை.

வடகரை: இல்லாத வரம்புக்கு எதற்கு ஐயா சமூகப் பாதுகாப்பு அலுவலகம் “உங்கள் மெடிகேர் முடிகிறது” என்று கடிதம் போடுகிறது?

தாழைமடல்: செவலாமர் பற்றி யாராவது பேசப் போகிறீர்களா?

செந்தட்டி: கடிதம் வந்தால் என்ன, மருந்தும் வருகிறதே!

வடகரை: 36 மாதம். மறுபடியும் படியுங்கள்.