காசோலையில் எழுதியது 1,475, கணக்கில் கழிந்தது 7,475. வங்கியைத் திருத்த வைப்பது எப்படி?

மழைத்துளி:
ஒருவருக்கு 1,475-க்குக் காசோலை கொடுத்தேன். என் கணக்கிலிருந்து 7,475 எடுத்திருக்கிறார்கள். எழுத்தால் "ஆயிரத்து நானூற்று எழுபத்தைந்து மட்டும்" என்று தெளிவாகவே எழுதியிருந்தேன், அடித்தல் திருத்தல் எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "செக் பாஸாகிவிட்டது, பணம் வாங்கியவரிடம் பேசித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். கிளையில் போய்ச் சொன்னேன். ஏதோ ஒரு தலைப்பில் பதிந்து புகார் எண் கொடுத்தார்கள். அப்புறம் பார்த்தால் "தீர்வு காணப்பட்டது" என்று அவர்களே மூடிவிட்டார்கள். இதற்கிடையில் வேறொருவருக்குக் கொடுத்திருந்த காசோலை பணம் போதாமல் திரும்பிவிட்டது. அதற்குக் கட்டணம் வேறு பிடித்திருக்கிறார்கள். நான் யாரைப் பிடிப்பது, என் வங்கியையா, அவருடைய வங்கியையா?

சும்மா_வந்தேன்:
உடனே ஸ்டாப் பேமென்ட் (அந்தக் காசோலைக்குப் பணம் தராதே என்ற உத்தரவு) கொடுங்கள். இல்லையென்றால் காசோலையில் தொகையைத் திருத்திவிட்டார்கள் என்று மோசடிப் புகார் எழுதுங்கள். அப்போதுதான் அலறிக்கொண்டு வருவார்கள்.

பேரேடு:
இரண்டுமே வேண்டாம். பணம் போய்ச் சேர்ந்த பிறகு ஸ்டாப் பேமென்டுக்கு வேலையே இல்லை. மோசடி என்று எழுதினால் கோப்பு வேறு பிரிவுக்குப் போகும். அங்கே காசோலையில் கைவைத்திருக்கிறார்களா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். யாரும் கைவைக்கவில்லை, ஆகவே "மோசடி இல்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள். அந்தப் பதிலைக் காட்டியே அடுத்த தடவையும் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள்.

மழைத்துளி, பாஸான காசோலையின் படத்தை முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் கேட்டு வாங்குங்கள். சில வங்கிகளின் இணையக் கணக்கிலேயே கிடைக்கும். அப்படியே பணம் வாங்கியவரிடம், அவர் கணக்கில் எவ்வளவு வரவாகியிருக்கிறது என்று மட்டும் கேட்டு வையுங்கள். திருப்பித் தரச் சொல்ல வேண்டாம். காரணம் அப்புறம் சொல்கிறேன்.

கணக்கன்:
வித்தியாசம் 6,000. இது 9-ஆல் வகுபடாது. 1,475 என்பதை 1,745 என்று இலக்கம் மாற்றி அடித்திருந்தால் வித்தியாசம் 270, அது 9-ஆல் மிச்சமில்லாமல் வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் எப்போதும் அப்படித்தான். இங்கே ஒரே ஓர் இலக்கம்தான் பிசகியிருக்கிறது. உங்கள் 1-ஐ யாரோ, அல்லது ஏதோ ஒரு இயந்திரம், 7 என்று படித்திருக்கிறது. படத்தில் அந்த 1 எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

மழைத்துளி:
படம் கிடைத்தது. 1-க்கு மேலே சின்னக் கொக்கி இருக்கிறது. ஸ்கேனில் அது தடித்துப்போய், கட்டத்தின் மேல்கோட்டோடு ஒட்டியிருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் 7 என்று நினைக்க இடமுண்டு. ஆனால் எழுத்தால் எழுதியது பளிச்சென்று இருக்கிறது. பணம் வாங்கியவர் நல்ல மனிதர். தன் கணக்கில் 7,475 வந்திருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். வேண்டுமானால் 6,000-ஐ இன்றே அனுப்புகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பேரேடு:
கொஞ்சம் பொறுங்கள். அவர் இன்று அனுப்பி, நாளை அவருடைய வங்கி பிழையைக் கண்டுபிடித்து அவர் கணக்கில் 6,000 பற்று வைத்தால், பாவம் அவருக்கு இரட்டை நஷ்டம். அதைச் சரிசெய்ய இன்னொரு புகார். தவிர, நீங்கள் நேரடியாக வாங்கிக்கொண்டால் திரும்பிப்போன காசோலைக்கான கட்டணத்தைக் கேட்க உங்களுக்குப் பிடி இருக்காது. அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருக்கும்படி மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். காசோலையை முதலில் வாங்கியது அவருடைய வங்கி. படம் எடுத்ததும் தொகையைப் பதிந்ததும் அங்கேதான். காசோலையின் அடியில் காந்த மையில் அச்சடித்த வரியில் காசோலை எண்ணும் வங்கிக் குறியீடும் முன்பே இருக்கும், தொகை இருக்காது. அதைப் பிறகு யாராவது தட்டச்சு செய்ய வேண்டும், அல்லது மென்பொருள் படிக்க வேண்டும். அப்படிப் பதிந்த தொகைதான் கிளியரிங் (வங்கிகள் தங்களுக்குள் காசோலைகளைப் பரிமாறித் தீர்க்கும் முறை) வழியாக உங்கள் வங்கிக்கு வந்து, உங்கள் கணக்கில் கழிந்திருக்கிறது. சின்னத் தொகை என்றால் பல இடங்களில் மனிதக் கண் படாமலேயே பாஸாகிவிடும். நான் கிளியரிங் பிரிவில் இருந்தவன், இதைச் சொல்ல எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

தவறு அங்கே நடந்தாலும் நீங்கள் பிடிக்க வேண்டியது உங்கள் வங்கியைத்தான். 1,475 கொடு என்பதுதான் நீங்கள் அதற்கு இட்ட உத்தரவு, அதற்கு மேல் எடுக்க அதற்கு அதிகாரம் கிடையாது. எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும். இந்தியாவின் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18-வது பிரிவில் இது இருக்கிறது. ஆகவே அந்த எண் 7 போலத் தெரிகிறது என்று அவர்கள் வாதாடினாலும் நிற்காது. உங்கள் வங்கி அவருடைய வங்கியிடம் வசூலித்துக்கொள்ளட்டும், அது அவர்கள் இருவர் பாடு.

கடிதத்தில் கதை வேண்டாம். இப்படி எழுதுங்கள்: "இந்த எண், இந்தத் தேதியிட்ட காசோலை எழுத்தால் 1,475-க்கு வழங்கப்பட்டது. என் கணக்கில் 7,475 பற்று வைக்கப்பட்டுள்ளது. இது தொகைப் பதிவுப் பிழை. பணம் பெற்றவருடன் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. அதிகமாகக் கழித்த 6,000-ஐப் பற்று வைத்த அதே தேதியின் மதிப்பில் வரவு வைக்கவும். இப்பிழையால் திரும்பிய காசோலைக்கான கட்டணத்தையும் திருப்பவும்." "அதே தேதியின் மதிப்பில்" என்றால் அந்தப் பணம் அன்றைக்கே கணக்கில் இருந்ததாகக் கொள்வது. படத்தையும் ஸ்டேட்மென்ட் பக்கத்தையும் இணையுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். "தகராறு இல்லை" என்ற வரி முக்கியம். போன முறை உங்கள் புகாரை மூடியது, அதைப் பணம் வாங்கியவரோடு உள்ள சண்டை என்று நினைத்துத்தான் என்பது என் ஊகம்.

கணக்கன்:
திரும்பிய அந்த இன்னொரு காசோலையை மறந்துவிடாதீர்கள். அந்த நபருக்கு வேறு வழியில் இப்போதே பணம் கொடுத்துவிடுங்கள். இந்தியாவில் என்றால், காசோலை திரும்புவது பற்றிய அதே சட்டத்தின் 138-வது பிரிவின் கீழ் நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் கொடுத்துவிட்டால் குற்றமாகாது. ஆனால் நோட்டீஸ் வரும்வரை எதற்குக் காத்திருப்பது? வங்கியின் பிழையால்தான் திரும்பியது என்று மேனேஜரிடம் ஒரு கடிதமும் கேளுங்கள்.

கடல்தாண்டி:
கிளை அசையாவிட்டால் மேலே போகலாம். இந்தியாவில் வங்கிக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். பிரிட்டனில் இதே வேலைக்கு நிதிக் குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது, அங்கே வங்கிக்கு 8 வாரம் அவகாசம். இரண்டு இடத்திலும் வங்கிக்கு முதலில் எழுதியதற்கு அத்தாட்சி கேட்பார்கள். முத்திரை போட்ட நகல் அங்கேதான் கைகொடுக்கும்.

மழைத்துளி:
பேரேடு சார் சொன்ன வார்த்தைகளையே எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்தவர் மறுபடியும் "அவரிடம் கேளுங்கள்" என்று ஆரம்பித்தார். எழுத்தால் எழுதிய வரியைக் காட்டியதும் எழுந்து உள்ளே போய், துணை மேலாளரோடு வந்தார். இன்று 6,000 வரவாகிவிட்டது, பழைய தேதி மதிப்பிலேயே. காசோலை திரும்பியதற்கான கட்டணம் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்குத் தனியாகப் புகார் கொடுக்கட்டுமா?

பேரேடு:
வேண்டாம். புதிதாகப் பதிந்தால் "உங்கள் கணக்கில் அன்று பணம் இல்லை, கட்டணம் சரிதான்" என்று பதில் வரும். அதே புகார் எண்ணில், பாதிதான் தீர்ந்தது என்று எழுதித் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள். திருத்திய ஸ்டேட்மென்டில் அன்றைய இருப்பைக் காட்டினால் போதும்.