கௌஹாத்திக்குப் போகிறோம், நாய்க்கு இதயப்புழு மாத்திரை தேவையா?

கருப்பியின் அம்மா:
கணவருக்கு கௌஹாத்திக்கு மாற்றல். எங்கள் கருப்பி கோவையில் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். நாலு வயது, 18 கிலோ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரை தருகிறேன். அசாமில் இதயப்புழு உண்டாமே, இந்த மாத்திரை போதாதா?

பிரம்மபுத்திராக் கரை:
போதாது அக்கா. அது குடலோடு சரி. இதயப்புழு கொசுக்கடியில் வருவது. இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாயிலும் தங்கும், பெண் புழு ஓர் அடி வரை வளரும். நான் இங்கே வந்த புதிதில் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டாம் வருடம் என் லேப்ரடார் மாடிப்படி ஏறினாலே இருமினான். சிகிச்சை முடியும்வரை மாதக்கணக்கில் கட்டியே வைத்திருந்தோம். ஓடினால் செத்த புழுத் துண்டுகள் நுரையீரலில் அடைத்துவிடும். வாலாட்டி வெளியே கூப்பிடுவான், பார்க்கவே முடியாது. பிழைத்துவிட்டான். இதயப்புழுத் தடுப்பு மாத்திரையை மாதம் ஒருமுறை, தேதி தவறாமல் கொடுங்கள்.

கால்நடை மருத்துவ மாணவி:
முதலில் ரத்தப் பரிசோதனை. புழு முதிர ஆறு மாதம் ஆகும், அதற்கு முன் சோதனையில் தெரியாது. இதயப்புழுவைத் தடுக்கத் தரும் ஐவர்மெக்டின் மருந்தின் அளவு நாயின் எடையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினைத் தயவுசெய்து வீட்டில் அளந்து கொடுக்காதீர்கள். கோலி இன நாய்களுக்கு அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

கருப்பியின் அம்மா:
சரிம்மா, சனிக்கிழமை ரத்தம் எடுக்கிறோம். தம்பி, உங்கள் பையன் இப்போது படி ஏறுகிறானா?

பிரம்மபுத்திராக் கரை:
ஏறுகிறான் அக்கா, மெதுவாக.