பழைய நியான் பலகை: நீலக் குழல் பாதிதான் எரிகிறது, மூலையில் சத்தமும் வருகிறது. உதவி தேவை

தகரப்பெட்டி:
வணக்கம் நண்பர்களே. மாமா பத்திரமாக வைத்திருந்த பழைய நியான் பலகை ஒன்று இப்போது என்னிடம் வந்திருக்கிறது. சிவப்பு எழுத்துகள், சுற்றிலும் நீல பார்டர், பின்னால் எனாமல் பூசிய இரும்புத் தகரம். பல வருடங்களாக ஒரு மூலையில் நிமிர்த்திச் சாய்த்தே வைத்திருந்தார்கள்.

போன வாரம் பிளக்கைச் சொருகிப் பார்த்தேன். சிவப்பு எழுத்துகள் உடனே பளிச்சென்று எரிந்தன. கண் கலங்கிவிட்டது. ஆனால் நீல பார்டர் கீழ்ப்பாதியில்தான் நீலமாக இருக்கிறது. மேலே போகப் போக வெளிறி, மங்கலான ஊதாவாகிவிடுகிறது. இடது மூலையில் ‘சிர்ர்’ என்று ஒரு சத்தம், கூடவே காரமான நெடி. பயந்துபோய் அணைத்துவிட்டேன்.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் குழலை எல்லாம் கழற்றிவிட்டு எல்இடி போடச் சொல்கிறார். எனக்கு மனசே வரவில்லை. காப்பாற்ற வழி உண்டா?

குழல்வளைப்பவன்:
அணைத்தது ரொம்பச் சரி. நான் சொல்லும்வரை திரும்பப் போட வேண்டாம். நியான் பலகையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் பல ஆயிரம் வோல்ட் கொடுப்பவை, 15,000 வரை போகும். பிளக்கை முழுவதும் பிடுங்கி வைத்துவிட்டு, டார்ச் அடித்து இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். நீலக் குழலின் கீழ்முனையில் வெள்ளியாக ஏதாவது மின்னுகிறதா? சத்தம் வந்த மூலையில் வயர் எப்படி இருக்கிறது?

தகரப்பெட்டி:
பார்த்தேன் அண்ணா. கீழ்முனையில், கண்ணாடிக்குள்ளே, கடுகளவில் வெள்ளி மணிகள் நாலைந்து ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மூலையில் வயரின் மேலுறை காய்ந்து, வரிவரியாக வெடித்திருக்கிறது. அதற்கு நேர் எதிரே தகரத்தில் கறுப்பாக ஒரு பொட்டு.

குழல்வளைப்பவன்:
அப்படியென்றால் உங்கள் குழல் சாகவில்லை, கவலைப்படாதீர்கள்.

சிவப்பு எழுத்துகளில் இருப்பது வெறும் நியான் வாயு. எப்படி நிறுத்தி வைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நீலத்தில் இருப்பது ஆர்கானும் ஒரு சொட்டு பாதரசமும். அந்த நல்ல நீலத்தைத் தருவது பாதரச ஆவிதான். வருடக்கணக்காக நிமிர்ந்து நின்றதில் பாதரசம் முழுக்கக் கீழே இறங்கிவிட்டது. மேலே ஆர்கான் மட்டும் தனியாக எரிவதால்தான் அந்த வெளிறிய ஊதா. காற்று புகுந்திருந்தால் கீழே மட்டும் இத்தனை சுத்தமான நீலம் வராது. இரண்டு குழலும் வரிசையாக இணைந்திருந்தால் ஓடுவது ஒரே மின்னோட்டம்தான். சிவப்பு நன்றாக எரிகிறதே, டிரான்ஸ்ஃபார்மர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

வைத்தியம் எளிது, ஆனால் நியான் வேலை தெரிந்த கைதான் செய்ய வேண்டும். குழலைக் கழற்றி, மெல்லச் சாய்த்துச் சாய்த்து அந்த மணிகளை முழு நீளத்துக்கும் உருட்டிவிட வேண்டும். அப்புறம் சில மணி நேரம் எரியவிட்டால் நிறம் பரவிவிடும். தப்பித்தவறிக் குழல் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுங்கள். துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ கூடாது, பாதரசம் அறை முழுக்கப் பரவிவிடும். பிறகு கையுறை போட்டு, கெட்டி அட்டையால் கூட்டி, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள்.

வயர்தான் உண்மையான ஆபத்து. உறை வெடித்த இடத்திலிருந்து மின்சாரம் தகரத்துக்குத் தாவியிருக்கிறது. அந்த நெடி ஓசோன். நியானுக்கென்றே வரும் உயர் அழுத்த சிலிக்கோன் வயரைப் புதிதாகப் போட்டு, குழலுக்குள் மின்சாரம் நுழையும் எலக்ட்ரோடு முனைக்குக் கண்ணாடி உறை மாட்டச் சொல்லுங்கள். வீட்டு வயரை இதில் போடவே கூடாது. தகரத்துக்கு எர்த் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பயணி77:
இத்தனை சிரமம் எதற்கு? எல்இடி போட்டால் தொல்லை விட்டது. கரண்டும் மிச்சம்.

குழல்வளைப்பவன்:
புதுப் பலகைக்கு அது சரி. இது வேறு. நியான் குழலில் எரிந்து அறுந்துபோக இழை கிடையாது. 1910-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் கிளாட் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் காட்டிய அதே முறைதான் இன்றும். நன்றாகச் செய்த குழல் பல பத்தாண்டுகள் எரியும். ஒவ்வொரு வளைவும் ஒருவர் நெருப்பில் காட்டி, வாயால் ஊதிப் பிடித்த வளைவு. கழற்றிப் போட்டுவிட்டால் அதே கையெழுத்து திரும்பக் கிடைக்காது.

பழம்பொருள்பிரியை:
சுத்தம் செய்வது பற்றி நான் சொல்கிறேன். தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், வயர் போகும் வழி உட்பட. முதலில் காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். எனாமல் பகுதியை மட்டும், மென்சோப்பு கலந்த தண்ணீரில் நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். ஆசிட், தேய்க்கும் பவுடர், பாலிஷ் எதுவும் வேண்டாம். பெயிண்ட் இருக்கும் இடத்தில் ஓரமாக ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள், பஞ்சில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே குழலில் கறுப்புப் பெயிண்ட் இருக்கும். அதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டுபவர்கள் நிறையப் பேர். அது போனால் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி எரியும், படிக்கவே முடியாது.

மாட்டும்போது பாரம் முழுக்கத் தகரச் சட்டத்தில் இறங்கட்டும், குழலில் படக்கூடாது. நேர் வெயில் வேண்டாம். சிறு பிள்ளைகள் இருந்தால் கைக்கு எட்டாத உயரம் நல்லது. எரியாமல் வைத்தாலும் குறையில்லை. லாஸ் வேகாஸ் நியான் அருங்காட்சியகத்தில் பல பலகைகளைச் சரிசெய்யாமல் அப்படியே வைத்து, தரையிலிருந்து வெளிச்சம் அடித்துக் காட்டுகிறார்கள்.

தகரப்பெட்டி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நியான் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து வயரை மாற்றி, எர்த் கொடுத்து, குழலை மடியில் குழந்தை மாதிரி வைத்துச் சாய்த்துச் சாய்த்து உருட்டினார். முதல் ஒரு மணி நேரம் திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. ராத்திரி பார்த்தபோது நாலு பக்கமும் ஒரே நீலம், சத்தமும் இல்லை. மாமாவுக்கு வீடியோ அனுப்பினேன். “இந்த நீலம்தான்டா” என்று மட்டும் பதில் போட்டார். எல்லோருக்கும் நன்றி. கறுப்புப் பெயிண்ட்டை நான் தொடவே இல்லை அக்கா.