வீடு வாங்கும் முன் வெளிப்புறத்தைப் பார்க்க அரை நாள் தேவையா?

செங்கல்: அடுத்த வாரம் முன்பணம் கொடுக்கப் போகிறேன். வீட்டுக்குள் எல்லாம் பார்த்தாயிற்று. தோட்டம், சுற்றுச்சுவர், மரம் எல்லாவற்றையும் அரை நாள் பார்க்கச் சொல்கிறார் நண்பர். அவ்வளவு அவசியமா?

தாழ்வாரம்: பத்து நிமிடம் போதும். வேலியும் நடைபாதையும் பிறகு சரிசெய்யக்கூடியவை. அந்த நேரத்தைக் கூரைக்கும் வயரிங்குக்கும் கொடுங்கள்.

வேலியோரம்: இதை ஒப்புக்கொள்ளவே முடியாது. நானும் அப்படி நினைத்துத்தான் வாங்கினேன். பின்முற்றம் வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தது, கண்ணுக்கே தெரியாத சரிவு. முதல் மழைக்காலத்திலேயே பின்சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்தது. உள்பக்கம் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சுவரிலிருந்து 10 அடிக்குள் தரை அரை அடியாவது வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். சுவரின் அடிப்பக்கம் மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

தாழ்வாரம்: சரிவு தப்பு என்றால் நாலு லோடு மண் அடித்தால் முடிந்தது.

வேலியோரம்: முடியாது. சுவரடியில் மண் உயர்ந்தால் அடித்தளத்துக்கு மேலே போட்டிருக்கும் ஈரத்தடுப்புப் பூச்சு புதைந்துவிடும். ஈரம் அதைத் தாண்டிச் சுவரில் ஏறும். பக்கத்து மனை உயரமாக இருந்தால் தண்ணீரை வெளியேற்ற வழியும் இருக்காது.

மண்வெட்டி: மரத்தையும் விட்டுவிடாதீர்கள். களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். பெரிய மரம் ஈரத்தை இழுக்க இழுக்க அடித்தளம் ஒரு பக்கமாக இறங்கலாம். வெட்டிவிட்டால் சரியாகும் என்றும் நினைக்க வேண்டாம். ஈரத்தை இழுக்க மரம் இல்லாததால் மண் மறுபடி உப்பி வீட்டைத் தூக்கலாம்.

தாழ்வாரம்: எல்லா மண்ணும் களிமண் இல்லை. பூச்சில் இருக்கும் மயிரிழை விரிசலைப் பார்த்தெல்லாம் நல்ல வீட்டைக் கைவிடக் கூடாது. செங்கல் வரிசையில் படிக்கட்டுப் போல ஏறும் விரிசல் என்றால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சரி, அது வெளியே நின்று பார்த்தால்தான் தெரியும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

செங்கல்: இன்று போய் வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சமையலறைச் சுவரடியில் தேங்கி நின்றுவிட்டது. முன்பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தாழ்வாரம்: விட்டுவிடாதீர்கள், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வேலியோரம்: முதலில் ஒரு நல்ல மழை பெய்யட்டும். மறுநாள் காலையில் போய் அதே இடத்தைப் பாருங்கள், அப்புறம் பேசலாம் விலையை.