டோக்கியோவின் 23 வார்டுகள்: தன்னாட்சி தேவைதானா?

கதிரொளி:
டோக்கியோவுக்கென்று இன்று ஒரு மாநகராட்சி கிடையாது. 1943-ல், போர் நடந்துகொண்டிருந்தபோது, டோக்கியோ நகரத்தையும் மாகாணத்தையும் இணைத்துப் பெருநகர அரசு என்று ஒன்றை உருவாக்கினார்கள். பழைய நகரம் இருந்த இடத்தில் இப்போது 23 சிறப்பு வார்டுகள். ஒவ்வொன்றுக்கும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவர், மன்றம், தனி பட்ஜெட். சியோதாவில் 70,000 பேர்கூட இல்லை. செதாகாயாவில் 9 லட்சத்துக்கும் மேல். இரண்டுக்கும் ஒரே அதிகாரம்! ஒட்டிக் கிடக்கும் ஒரே ஊரை 23 ஆட்சியாகப் பிரித்து வைத்திருப்பது வீண் செலவு என்பேன்.

மேகலை:
அடியோடு மறுக்கிறேன், கதிரொளி. குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-க்கு முன் குப்பைப் பொறுப்பு முழுக்கப் பெருநகர அரசிடம்தான் இருந்தது. ஊர்க் குப்பையில் பெரும்பகுதியைக் கோதோ வார்டின் கடலோரத்தில் கொட்டினார்கள். 1965-ல் அங்கிருந்து ஈக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வீடுகளுக்குள் புகுந்தன. குப்பை மேட்டுக்கே தீ வைத்துத்தான் அடக்க முடிந்தது. 1971-ல் பெருநகர அரசின் ஆளுநர் மினோபே ‘குப்பைப் போர்’ அறிவித்தார். சுகினாமியில் எரியூட்டு ஆலை கட்ட அங்குள்ளவர்கள் விடவில்லை. பொறுத்துப் பார்த்த கோதோக்காரர்கள் சுகினாமியிலிருந்து வந்த லாரிகளை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். தன் குப்பைக்குத் தானே பொறுப்பு என்ற நிலை இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். 2000-ல் குப்பை அள்ளும் வேலை வார்டுகளின் கைக்கு வந்தது. வரவேண்டியதுதானே?

கதிரொளி:
அள்ளுவது வார்டு, சரி. எரிப்பது யார்? 23 வார்டுகளும் சேர்ந்து நடத்தும் பொது அமைப்பு. ஷின்ஜுகுவிலும் நகானோவிலும் ஆலையே இல்லை, அவர்கள் குப்பை அடுத்த வார்டில்தான் எரிகிறது. குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு எல்லாம் இன்றும் பெருநகர அரசிடம். பெரிய வேலை எதுவானாலும் கடைசியில் ஒன்றுசேர்ந்துதான் செய்கிறார்கள்.

தெற்குவாசல்:
இங்கே குடியிருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தெருவைத் தாண்டி அடுத்த வார்டுக்கு வீடு மாறினால்கூட, பழைய வார்டு அலுவலகத்தில் வெளியேறுவதாகப் பதிந்து, புதிய அலுவலகத்தில் மறுபடி பதிய வேண்டும். குப்பை பிரிக்கும் முறையும் மாறிவிடும். அலைச்சல்தான். ஆனாலும் நான் மேகலை பக்கம். என் குறை வேறு: இந்தத் தன்னாட்சி பாதிதான். ஜப்பானின் மற்ற ஊர்களில் சொத்து வரி அந்தந்த நகராட்சிக்குப் போகும். இங்கே பெருநகர அரசு வசூலித்து, நிறுவனங்கள் செலுத்தும் உள்ளூர் வரியோடு சேர்த்து, பாதிக்குச் சற்று மேலான பங்கை வார்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அலுவலகக் கோபுரங்கள் நிறைந்த மினாதோவின் பணம் அதாச்சி போன்ற வார்டுகளுக்குப் போய்ச் சேர்வது நியாயம்தான். ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்று ஆண்டாண்டாகப் பேரம் பேச வேண்டியிருக்கிறதே, அது தன்னாட்சி ஆகுமா?

கதிரொளி:
சரி, ஒசாகாவைப் பாருங்கள். டோக்கியோ மாதிரி சிறப்பு வார்டுகளாகப் பிரிக்கலாமா என்று 2015-லும் 2020-லும் மக்களிடமே கேட்டார்கள். இரண்டு முறையும் வேண்டாம் என்றார்கள்.

மேகலை:
தங்கள் மாநகராட்சியே கலைந்துபோகும் என்பதால் பலர் எதிர்த்தார்கள். மயிரிழையில் தோற்றதை மறந்துவிட வேண்டாம். ஒசாகாவின் 24 வார்டுகளுக்குத் தலைவரை மேயர்தான் நியமிக்கிறார். டோக்கியோவிலும் 1952-ல் வார்டுத் தலைவர்களுக்கான நேரடித் தேர்தலைப் பறித்தார்கள். அதைத் திரும்பப் பெற 1975 வரை ஆனது. அப்படிப் பெற்ற உரிமையால் என்ன நடந்தது? 2015-ல் ஷிபுயாவும் செதாகாயாவும் ஒருபாலினத் துணைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கின. பெருநகர அரசு அதற்கு வந்தது 2022-ல். நீங்கள் சொல்லும் ஒரே ஆட்சி என்றால் அந்த ஏழு ஆண்டும் எல்லோரும் காத்திருந்திருக்க வேண்டும்.

கதிரொளி:
அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் 23 எதற்கு? சிறியவற்றை இணைக்கலாமே. முன்பு 35 ஆக இருந்ததை 1947 மார்ச்சில் 22 ஆக்கவில்லையா?

தெற்குவாசல்:
ஆக்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நெரிமா, இதாபாஷியிலிருந்து பிரிந்து 23-ஆவது வார்டானது. அலுவலகம் எட்டாத தூரத்தில் இருக்கிறது என்று அந்தப் பகுதி மக்கள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார்கள். இன்று நெரிமாவில் 7 லட்சம் பேருக்கும் மேல் இருக்கிறார்கள். எதை எதோடு இணைக்கப் போகிறீர்கள் என்று பெயர் சொல்லுங்கள், பேசலாம்.