டமாஸ்கஸின் மக்தப் அன்பர்: மாளிகையா, பள்ளிக்கூடமா?

வெண்ணிலா:
சிரியாவின் டமாஸ்கஸ் பழைய நகரத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மக்தப் அன்பர்' என்று ஒரு கட்டடம். அகலமான முற்றம், நடுவில் நீர்த்தொட்டி, சுவரெல்லாம் கல்வேலைப்பாடு. கீழே 'பழைய உயர்நிலைப் பள்ளி' என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தையா இப்படி இழைத்துக் கட்டினார்கள்?

சரித்திர டீச்சர்:
பள்ளிக்கென்று கட்டியதில்லைம்மா. யூசுஃப் அன்பர் என்ற யூத வணிகர் 1867 வாக்கில் தமக்காகக் கட்டத் தொடங்கிய வீடு அது. வேலை முடிவதற்குள் பணம் கரைந்துபோனது. அப்போது சிரியாவை ஆண்ட ஒட்டோமான் துருக்கி அரசு வீட்டை எடுத்துக்கொண்டு, 1880களின் இறுதியில் அங்கே உயர்நிலைப் பள்ளி நடத்தத் தொடங்கியது.

வகுப்பில் ஒட்டோமான் பாடம் எடுக்கும்போதெல்லாம் நான் இந்தப் பள்ளியைச் சொல்லாமல் விட்டதில்லை. அரசுக்கு வேண்டியிருந்தது துருக்கி மொழியில் கோப்பு எழுதத் தெரிந்த, விசுவாசமான அதிகாரிகள். அதனால் பாடமொழி துருக்கி. அரபு இலக்கணத்தைக்கூடத் துருக்கியில் விளக்கிய காலம். வீட்டில் அரபு பேசி வளர்ந்த பிள்ளைக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! அங்கே படித்த பையன்களில் ஷுக்ரி அல் குவத்லி பின்னாளில் சிரியாவின் குடியரசுத் தலைவரானார். தேசியத் தலைவர் ஃபக்ரி அல் பாரூதியும் அங்கே படித்தவர்தான்.

1918இல் ஒட்டோமான் படை வெளியேறியதும் பாடமொழி அரபு ஆனது. அதன்பிறகுதான் அந்தப் பள்ளிக்கு உயிர் வந்தது என்பேன். சலீம் அல் ஜுந்தி மாதிரி அரபு மொழியைக் கரைத்துக் குடித்த ஆசிரியர்கள் வந்தார்கள். எழுத்தாளர் அலீ அல் தந்தாவி அந்த வகுப்புகளில் உருவானவர். 1920 முதல் ஆட்சி பிரெஞ்சுக்காரர்களுடையது என்பதை மறக்கக் கூடாது. 1925 அக்டோபரில் அவர்களுடைய பீரங்கிகள் பழைய நகரத்தில் ஒரு பகுதியையே எரித்தன. அதே நகரத்தில்தான் இந்தப் பிள்ளைகள் புத்தகத்தோடு போய்வந்தார்கள்.

நூருல் அமீன்:
1936 பொது வேலைநிறுத்தத்துக்கும் பாரூதிக்கும் தொடர்பு உண்டுதானே டீச்சர்?

சரித்திர டீச்சர்:
ஆமாம் தம்பி. அந்த ஜனவரியில் பிரெஞ்சு அரசு விடுதலை கேட்ட தேசியக் கூட்டணி என்ற கட்சியின் டமாஸ்கஸ் அலுவலகத்தைப் பூட்டி, பாரூதியையும் கைது செய்தது. கடையடைப்பு சுமார் 50 நாள் நீடித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் பிரான்ஸ் பேச்சுவார்த்தைக்கு வந்தது, செப்டம்பரில் சிரிய விடுதலைக்கான ஒப்பந்தமும் எழுதப்பட்டது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்காமலே விட்டது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

வெண்ணிலா:
இப்போதும் அங்கே பள்ளி நடக்கிறதா டீச்சர்?

சரித்திர டீச்சர்:
இல்லைம்மா. 1930களில் பள்ளி, பழைய நகர மதிலுக்கு வெளியே 'தஜ்ஹீஸ்' என்ற புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பின்னாளில் அதற்கு ஜவ்தத் அல் ஹாஷிமி என்ற கல்வியாளரின் பெயரை வைத்தார்கள். பழைய வீட்டைப் பழுதுபார்த்து, பழைய நகரப் பாதுகாப்புப் பணிக்கான அலுவலகமாக்கினார்கள்.

நூருல் அமீன்:
பாஅத் கட்சியை நிறுவிய மிஷேல் அஃப்லக் ஆசிரியராக இருந்தது அந்தத் தஜ்ஹீஸில்தானா?

சரித்திர டீச்சர்:
அதேதான். பாரிஸில் படித்துவிட்டு வந்து அஃப்லக் வரலாறு நடத்தினார், ஸலாஹுத்தீன் அல் பித்தார் அறிவியல் நடத்தினார். 1942இல் இருவரும் வேலையை விட்டுவிட்டு முழுநேர அரசியலுக்குப் போனார்கள். 1947இல் அவர்கள் நிறுவிய பாஅத் கட்சியின் முதல் மாநாடு. அந்தக் கட்சி பிறகு நாட்டை என்ன பாடு படுத்தியது என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.