ஐந்து நட்சத்திரம் போட்டால் ஜூஸ் இலவசம்: சரியா, பிழையா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
பாசிக்குடாப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் மேசைக்கு மேசை அட்டை வைத்திருக்கிறார்கள். "கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டுக் காட்டினால் ஜூஸ் இலவசம்." பக்கத்து மேசைப் பிள்ளைகள் சாப்பாடு வருமுன்பே போட்டு முடித்துவிட்டார்கள். இது காசு கொடுத்துச் சாட்சி சொல்லவைக்கிற வேலை. தள்ளுபடியோ இலவசப் பொருளோ கொடுத்து மதிப்புரை வாங்குவதைக் கூகுளின் விதியே அனுமதிப்பதில்லை. உங்கள் கருத்து என்ன?

அறுகம்பைக்காரன்:
நான் மூன்று அறை வைத்து நடத்துகிறவன். என் வாசலிலும் அப்படி ஓர் அட்டை இருக்கிறது. இங்கே ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரைதான் அலைச்சறுக்கு சீசன், அதில் உழைப்பதை வைத்தே வருடம் ஓட வேண்டும். திருப்தியாகத் தங்கியவர் சிரித்து விடைபெற்றுப் போவார், ஒரு வரி எழுத மாட்டார். கோபம் வந்தவர் மட்டும் பஸ் ஏறுமுன்பே எழுதிவிடுவார். ஒன்பது பேர் ஐந்து போட்ட இடத்தில் ஒருவர் ஒன்று போட்டால் சராசரி 4.6. நானூறு பேர் எழுதிய பெரிய ஹோட்டலுக்கு அந்த ஒன்று உறைக்கவே உறைக்காது. ஒரு ஜூஸ் கொடுத்து ஞாபகப்படுத்துவது அவ்வளவு பெரிய குற்றமா?

வாவிக்கரை:
தம்பி, ஞாபகப்படுத்துவதை யாரும் பிழை சொல்லவில்லை. "எழுதுங்கள்" என்று கேளுங்கள். "ஐந்து போடுங்கள்" என்று கேட்டால் அது அவருடைய கருத்து இல்லை, உங்களுடையது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024 ஒகஸ்டில் இதற்கென்றே விதி கொண்டுவந்தது. நல்லபடியாக எழுதினால்தான் பரிசு என்பதும், கடையின் ஆட்கள் உறவை மறைத்து எழுதுவதும் அதில் தடை. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்கிறது. விலைக்கு வாங்கிய நட்சத்திரம் வேறு என்ன செய்கிறது?

கல்முனை வாசகி:
ஜூஸை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம் ஊர்களில் ஆளுக்கு ஆள் தெரியும். ஒரு தையல்கடைக்கு என் சொந்தப் பெயரில் மூன்று நட்சத்திரம் போட்டேன். தையல் நல்லது, சொன்ன நாளுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் எழுதினேன். மறுநாள் கடைக்காரர் என் மாமாவுக்குக் கோல் எடுத்துவிட்டார். "ஏன் பிள்ளை வீண் பகை, அழித்துவிடு" என்று வீட்டிலேயே சொன்னார்கள். நான் அழிக்கவில்லை. ஆனால் எத்தனை பேர் அழித்திருப்பார்கள், எத்தனை பேர் எழுதாமலே விட்டிருப்பார்கள்? உள்ளூர்க் கடைகளுக்கு எங்கு பார்த்தாலும் ஐந்தே தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பெயர் மறைத்து எழுத இடம் இருக்கத்தான் வேண்டும்.

அறுகம்பைக்காரன்:
அந்த மறைவுதான் அக்கா எங்களைக் கொல்கிறது! என்னிடம் தங்காத ஒருவர் "அறையில் மூட்டைப்பூச்சி" என்று எழுதினார். கூகுளில் ஒரு கணக்கு இருந்தால் போதும், வந்ததற்கு அத்தாட்சி கேட்பதில்லை. 2017இல் லண்டனில் ஒருவர் தன் தோட்டத்துக் கொட்டிலை உணவகம் என்று டிரிப் அட்வைசரில் பதிந்து, தெரிந்தவர்களை வைத்து எழுதுவித்து, அந்த நகரத்தின் முதலிடத்துக்கே கொண்டுபோனார். புக்கிங் டொட் கொம்மில் அதன் வழியாகப் பதிவுசெய்தவர் மட்டும்தான் எழுதலாம். எல்லா இடத்திலும் அப்படி வரவேண்டும்.

கல்முனை வாசகி:
வந்தால் உங்களுக்குத்தான் நட்டம். நேரே வந்து காசு கொடுத்துத் தங்குகிறவர் ஒரு வரியும் எழுத முடியாது. கொத்துரொட்டிக் கடையில் யார் பில் தருகிறார்கள்? ஆட்டோவில்? அத்தாட்சி கேட்டால் பெரிய ஹோட்டல்களைப் பற்றி மட்டும்தான் பேச்சு இருக்கும். பொய்க்கு அதன் கீழேயே பதில் எழுதுங்கள்: "அந்தக் கிழமையில் எங்கள் பதிவேட்டில் இந்தப் பெயர் இல்லை, எந்த அறையில் தங்கினீர்கள்?" நான் அறை தேடும்போது முதலாளியின் பதிலைத்தான் முதலில் படிப்பேன். ஒரே கிழமையில் வரிசையாக ஐந்து விழுந்திருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவேன்.

அறுகம்பைக்காரன்:
பதில் எழுதுவது சரி. ஜூஸை வந்தவுடன் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, போகும்போது எழுதச் சொல்லி மட்டும் கேட்கிறேன். ஆனால் நான் அட்டையை எடுத்தால் பக்கத்துக் கடைக்காரர் எடுப்பாரா?

வாவிக்கரை:
எடுக்காவிட்டால் 1977க்கு அடித்துச் சொல்லுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் அது.

அறுகம்பைக்காரன்:
அண்ணன், அவர் என் மச்சானின் கூட்டாளி. கல்முனை அக்காவுக்கு ஒரு தையல்கடையோடு நடந்தது எனக்கு முழுக் கடற்கரையோடும் நடக்கும். முறைப்பாடு செய்ய மாட்டேன். நேரே போய்ப் பேசிப் பார்க்கிறேன், அவர் சம்மதித்தால் இரண்டு அட்டையையும் ஒரே நாளில் எடுப்போம்.